தாசில்தாருக்கு வந்த மூச்சுத் திணறல்

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு நேரே டீசல் குழாய். தலையைச் சற்றுத் திருப்பினால் மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன.

முதல் ஜோடி, புதுத் தோல் செருப்பு. அது தணிகாசலம் அவர்கள். படவேட்டில் கோயிலுக்குப் போகும் வழியில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் மகேஸ்வரியைக் கட்டிக்கொள்ளத்தான் நான் ஆசைப்பட்டேன். இரண்டாவது ஜோடியில் மெட்டியும் மஞ்சளும் இருந்தன. அது மகேஸ்வரியின் அம்மா. மூன்றாவது ஜோடி ஓரிடத்தில் நிற்காமல் வண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது என் சொந்த அத்தை, சரோஜா.

அன்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் நாள். பெண் வரமாட்டாள், பெரியவர்கள்தான் வருவார்கள். வீட்டைப் பார்த்து, மனசுக்குப் பிடித்தால் அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டு தேதி குறித்துவிடுவார்கள்.

கிழமை புதன். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் எங்கள் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது தணிகாசலம் போட்ட ஒரே நிபந்தனை. தவறினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிடுவார். இதற்கு முன் மகேஸ்வரிக்கு வந்த நல்ல வரன் ஒன்றை, கிளம்பும் நேரத்தில் தும்மல் கேட்டது என்பதற்காகத் தட்டிக் கழித்தவர் அவர். தும்மியதும் அவரேதான்.

"இன்னா தம்பி ஆச்சி?" என்று தோல் செருப்பு கேட்டது.

"டீசல் லைன்ல காத்து பூந்துக்கிச்சிங்க."

"நல்ல காத்தா, கெட்ட காத்தா?"

டீசல் குழாயில் நல்ல காற்று என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை விளக்குவதற்காக வாயைத் திறந்தேன். மேலேயிருந்து ஒரு சொட்டு டீசல் குறி தவறாமல் உள்ளே விழுந்தது.

வண்டியின் பூர்வீகம்

இந்த இடத்தில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரை வாரா வாரம் படிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பழைய டீசல் ஜீப். முன்பாதிதான் ஜீப். பின்பாதியை யாரோ ஒரு புண்ணியவான் வெட்டி எடுத்துவிட்டு லாரித் தொட்டி வைத்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும். என் அப்பா போளூர்ப் பக்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி வந்து, ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளடங்கிய ஓர் ஊரில் மளிகைக் கடை போட்டவர். கடையை அண்ணன் எடுத்துக்கொண்டான், வண்டியை நான் எடுத்துக்கொண்டேன். பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் என் வண்டி போகும். மேலேயிருந்து புளியும் சாமையும் இறங்கும். கீழேயிருந்து அரிசி, சிமெண்டு, ஆடு, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் எல்லாம் ஏறும்.

அதற்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்தவர்கள் புளி மூட்டையோடு ரோட்டோரம் காத்துக் கிடந்த மலை விவசாயிகள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்துவிட்டால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பெயர் நிலைத்துவிட்டது. "தாசில்தார் கீழ போயிட்டாரா?" என்று என் அண்ணனிடம் கேட்ட புது வாத்தியார் ஒருவர், நிஜத் தாசில்தாரைப் பார்க்க மனுவோடு எங்கள் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

மனசுல ஏதோ கீது

நோய் ஆடி மாசத்தில் வந்தது.

போளூரில் கிளம்பும்போது வண்டி குதிரை மாதிரி கிளம்பும். அத்திமூரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கேட்காத மாதிரி இருக்கும். பிறகு இரண்டு இருமல். அவ்வளவுதான், நடு ரோட்டில் நின்றுவிடும்.

என் வைத்தியம் எப்போதும் ஒன்றுதான். முதலில் டேங்க் மூடியைத் திறந்து, மீட்டரை நம்பாமல் குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு, ஃபில்டர் மேலே இருக்கும் நட்டைத் தளர்த்தி, கை பம்ப்பை அமுக்கு அமுக்கு என்று அமுக்குவேன். முதலில் நுரை நுரையாக வரும், அப்புறம் சுத்தமான டீசல் வரும். நட்டை முறுக்கிச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும்.

எங்கோ காற்று நுழைகிறது என்று முடிவு கட்டினேன். எங்கே என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. ரப்பர் குழாயை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். செம்பு வாஷர்களை எல்லாம் மாற்றினேன். ஒவ்வொன்றை மாற்றியதும் இதுதான் காரணம் என்று வீட்டில் அறிவித்துவிட்டுக் கிளம்புவேன். திரும்பி நடந்து வருவேன்.

போளூரில் கவுஸ் பாய் என்று ஒரு டீசல் மெக்கானிக். கெட்டிக்காரர், ஆனால் சுத்தக்காரர். "குளிக்காத வண்டிய நான் தொட மாட்டேன் நைனா" என்பார். வண்டி போனவுடன் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பைப்பில் தண்ணீர் பீய்ச்சி, ஆறப் போட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூர் வரை ஏறி இறங்குவார். ஓர் இடத்தில் கூட நிற்காது.

"ஒடம்புல ஒண்ணும் இல்ல நைனா. மனசுலதான் ஏதோ கீது" என்று சாவியைக் கொடுப்பார். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவேன். வெள்ளிக்கிழமை கழிந்தால் மறுபடி நின்றுவிடும்.

மலையில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். போளூர் டீசல் மலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். அதையும் விடுவானேன் என்று மறுபக்கம் இறங்கி, திருப்பத்தூரில் டீசல் போட்டுக்கொண்டு மேற்கிலிருந்து ஏறிப் பார்த்தேன். அங்கேயும் நடு ரோட்டில் நின்றது, அந்தப் பக்கத்துக் குரங்குகளும் என்னைப் பார்த்துக்கொண்டன. வேறொன்றும் நடக்கவில்லை.

எவ்ளோ கீது?

வண்டி இப்படி நின்று நின்று போனால் யாருக்கும் பக்தி வரும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அதற்கு வண்டி மட்டும் காரணம் இல்லை.

ஆடி மாசம் படவேட்டுக் கோயிலுக்குப் போனபோது, வண்டிக்குப் பொட்டு வைக்கச் சந்தனம் வாங்க ஒரு கடையில் நின்றேன். கல்லாவில் மகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா வோணும்?"

"சந்தனம்."

"எவ்ளோ?"

"எவ்ளோ கீது?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை, அதனால் நிறைய வாங்கினேன்.

அது தணிகாசலம் சொந்தக் கையால் கலக்கும் சந்தனம். கடைக்கே அதுதான் பெயர். மழை பெய்தாலும் விடாது என்று போர்டில் எழுதியிருப்பார். திங்களும் வியாழனும் அவர் சரக்கு எடுக்க ஆரணிக்குப் போய்விடுவார், அந்த இரண்டு நாளும் மகள் கடையில் இருப்பாள். எனவே திங்களும் வியாழனும் எனக்குச் சந்தனம் தேவைப்பட்டது. வாங்கியதைச் செலவழிக்க வேண்டாமா? செவ்வாயும் வெள்ளியும் வண்டிக்குப் பூஜை. பானெட், ஸ்டியரிங், விளக்கு, டயர், டேங்க் மூடி என்று ஓர் இடம் விடாமல் அப்பினேன். பட்டறைக்குப் போய்க் குளித்து வந்தால் அன்றைக்கும் ஒரு பூஜை.

"வண்டிக்கு பூசறீங்களா, குளிப்பாட்றீங்களா?" என்று ஒரு நாள் அவளே கேட்டாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய், கொஞ்ச வாரத்தில் போன் நம்பர் வரைக்கும் வந்தது.

"எங்கப்பாவுக்கு மட்டும் லவ்வுன்னு தெரிஞ்சா கதையே முடிஞ்சிரும்" என்றாள் மகேஸ்வரி. "ஜாதகம் குடுத்து, யாருன்னே தெரியாத மாதிரி முறையா வாங்க."

அந்த வேலைக்கு என் அத்தை சரோஜாவை விட்டால் ஆள் கிடையாது. எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்த மாதிரி ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொருத்தம் அமோகமாக இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று மகேஸ்வரி காபித் தட்டோடு வந்து என்னை நிமிர்ந்து பார்த்து, "இவர்தானா?" என்று அம்மாவைக் கேட்டாள். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

தலைமுடி போச்சு

இப்படியாகத்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. ஐப்பசி மாசம், எங்கள் ஊர் மண்பாதை சேறாகக் கிடந்தது. வாடகைக் கார்கள் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டன. "எதுக்குங்க காரு, நானே வந்து இட்டுனு போறேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் பாய் கையில் வண்டி குளித்துவிட்டு வந்திருந்தது. தைரியம் இருந்தது. செவ்வாய்க்கிழமை வழக்கம் போலப் பூஜை போட்டேன். வருகிறவர்கள் மீட்டரைப் பார்த்தால் கௌரவமாக இருக்கட்டும் என்று டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினேன். தொட்டியில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கயிற்றால் கட்டினேன்.

படவேட்டில் தணிகாசலம் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனத்தோடு காத்திருந்தார். "பெத்த பொண்ணு விசயம். பூச நானே போடறேன்" என்று வண்டி முழுக்க அவர் கையாலேயே வைத்தார். மீதியைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். மகேஸ்வரியின் அம்மாவும், என்னோடு மலையிலிருந்து வந்திருந்த அத்தையும் பின்னால் நாற்காலியில் ஏறிக்கொண்டார்கள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். "இந்தக் காலத்து புள்ளைங்க போன்லயே எல்லாத்தையும் முடிச்சிக்கிதுங்க தம்பி. நம்ம வூட்ல அதெல்லாம் ஆவாது. என் பொண்ணு கட வாசல்ல நிக்கற ஆம்பளய நிமிந்து பாத்ததில்ல. உன்னையும் நானாத்தான் தேடிப் புட்சேன்."

"ஆமாங்க" என்றேன். பின்னால் அத்தை இருமியது கேட்டது.

மலை ஏற ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில், வண்டியும் இருமியது. அப்போதுதான் நான் அடியில் போய்ப் படுத்தது. குச்சி விட்டுப் பார்த்தாயிற்று, குழாயெல்லாம் தடவிப் பார்த்தாயிற்று, குச்சியிலிருந்து சிந்தி என் வாயில் விழுந்த சொட்டைத் தவிரக் கசிவு எங்கும் இல்லை. வெளியே வந்து கை பம்ப்பை அமுக்கினேன். இதற்குள் தணிகாசலம் முன் டயருக்கு எதிரே சூடம் ஏற்றிவிட்டார். அத்தை மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பி, "வண்டி கெளம்பட்டும் தாயி, ஏழுமலை தலையில பூ முடி குடுக்கறேன்" என்றாள்.

ஏழுமலை நான்தான். தலையும் என்னுடையதுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது. "சூடத்துக்கு கேட்டுச்சி பாத்தியா!" என்றார் அவர். "வேண்டுதலுக்குதான் கேட்டுச்சி" என்றாள் அத்தை. என் கை பம்ப்பை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மகேஸ்வரியின் அம்மா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "வேல ஆனதும் சாமிய மறக்கற ஜனம் இல்ல நாம" என்று தணிகாசலம் இறங்கிப் போய், எல்லா இடத்திலும் இன்னொரு கை சந்தனம் வைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. எதிரே தலைச்சுமையோடு இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர், "இன்னா, தாசில்தார் இன்னிக்கி லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். "எந்த தாசில்தாரு?" என்றார் தணிகாசலம். நான் காது கேட்காதவனாகி டேங்க்கில் மறுபடி குச்சி விட்டேன், பிறகு ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் திறந்து, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அத்தை, ஒரு கொத்து முடியோடு போக வேண்டிய பூ முடியை முழு மொட்டையாக உயர்த்திவிட்டாள்.

"அத்த, கல்யாணத்துக்கு மொட்டத் தலையோடவா நிக்கறது?"

"கல்யாணம் நடந்தாதானடா தலயப் பத்தி பேச்சு" என்றாள்.

வண்டி கிளம்பியது. தணிகாசலம் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினார்.

மூடி

ஜமுனாமரத்தூரைத் தாண்டி மண்பாதையில் திரும்பும்போது கையில் இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நான்கு சக்கர கியரைப் போட்டேன். சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வண்டி நன்றாகவே இழுத்தது. தூரத்தில் எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது. வாசலில் அம்மாவும் அண்ணனும் நிற்பதும், வாழை மரம் கட்டியிருப்பதும் தெரிந்தன. "வூடு பாங்கா கீது" என்று தணிகாசலம் வாய்விட்டுச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கவில்லை, வண்டி இருமியது. இரண்டாவது இருமலில் சேற்றுக்கு நடுவே நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் டேங்க்கைத் திறந்து பார்க்கவில்லை. மூன்றாம் தடவையாக என்னத்தைப் பார்ப்பது? நேராகப் போய் நட்டைத் தளர்த்திக் கை பம்ப்பை அமுக்கினேன். நுரை வரவில்லை. டீசலும் வரவில்லை. விரல் சிவக்க அமுக்கினேன், ஒரு சொட்டுக் கூட ஏறவில்லை. அது இதுவரை நடக்காத விஷயம்.

தணிகாசலம் மணியைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாமி வேணாம்னு சொல்லுது தம்பி. ஒரு தடவ சொன்னா புரியாத மாதிரி நடிக்கலாம். இத்தன தடவ சொல்லுது. மேற்கொண்டு போவறது தப்பு. நாங்க ஜமுனாமரத்தூர்க்கு நடந்து போயி பஸ் புட்சிக்கறோம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. டீசல் கையால் துடைத்ததில் எரிச்சல் வேறு சேர்ந்துகொண்டது. மகேஸ்வரி காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? வாஷர் லூஸாகிவிட்டது, அதனால் கல்யாணம் இல்லை என்றா?

"டீசல் கீதான்னு பாத்தியாடா?" என்றாள் அத்தை.

"ரொப்பி வச்சிருக்கேன் அத்த!"

"பாத்தியா, பாக்கலியா?"

அத்தையிடம் வாதாடுவதை விட மூடியைத் திறந்து காட்டுவது சுலபம். டேங்க் மூடி முழுக்க ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். பிடித்துத் திருகினேன். வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பலத்தையெல்லாம் போட்டுத் திருகியதும் கொஞ்சம் அசைந்து, உஸ்ஸ்ஸ் என்று சத்தம் வந்தது.

இந்த உஸ் எனக்குப் புதிதில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். டீசல் ஆவி வெளியே வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் இன்றைக்கு விளிம்பில் ஈரச் சந்தனம் தாராளமாக இருந்தது. அந்தச் சந்தனம் என் கண்ணெதிரே இடுக்கு வழியாக உள்ளே போனது. ஆவி வெளியே வரவில்லை. டேங்க்தான் மூச்சை உள்ளே இழுக்கிறது.

அப்படியே நின்றுவிட்டேன். அட்டைப் பெட்டி ஜூஸைக் குழந்தைகள் விடாமல் உறிஞ்சினால் பெட்டி ஒட்டிப்போய், அப்புறம் ஜூஸ் வராது இல்லையா? அதேதான். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகவே மூடியின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வட்டமான மூடி, நட்ட நடுவில் ஒரு புள்ளி. பொட்டு வைக்க அதை விடத் தோதான இடம் கிடைக்குமா?

"ஒரு ஊக்கு குடுங்க!" என்று கத்தினேன்.

மகேஸ்வரியின் அம்மா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மூடியைத் துடைத்து, ஓட்டையில் ஊக்கை விட்டு நெம்பினேன். உள்ளங்கையில் ஒரு கட்டி விழுந்தது. சாமை அரிசி அளவு இருக்கும். இரும்பு மாதிரி இறுகியிருந்தது. சுற்றிலும் பள்ளத்தில், பாயின் பிரஷ்ஷுக்கும் தப்பித் தங்கியிருந்ததையும் சுரண்டி எடுத்தேன். மூடியைப் போட்டு, கை பம்ப்பை அமுக்கினேன். டீசல் குபுகுபு என்று ஏறியது. சாவியைத் திருப்பினேன், முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

பாய் குளிப்பாட்டினால் ஏன் ஓடியது, வெள்ளிக்கிழமை கழிந்தால் ஏன் நின்றது எல்லாம் அந்த ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்தக் குஷியில்தான் நான் வாயை விட்டேன்.

"கண்டுபுட்சிட்டேங்க! சந்தனம்தான் அடச்சினு இருந்திருக்கு!" என்று கட்டியையும் சுரண்டியதையும் எல்லோருக்கும் நீட்டிக் காட்டினேன்.

தணிகாசலம் நடக்கக் கிளம்பியவர் திரும்பி வந்தார். கட்டியை எடுத்தார். விரலால் நசுக்கினார். முகர்ந்தார். சந்தன வியாபாரி ஆயிற்றே, அவருடைய முகம் கடைக்கார முகமாக மாறிவிட்டது.

"இது நம்ம சரக்கு."

"காலைல நீங்க வச்சதுங்க" என்றேன்.

"இல்லியே. காலைல வச்சது இன்னும் ஈரமா கீது. இது கெட்டி. பள்ளத்துல இருந்து சொரண்டனது இன்னும் பழசு." அந்தப் பழசை நகத்தால் உடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "மஞ்ச தூக்கலா கீது. ஆடி மாசம் ஒரு தடவதான் கை தவறி மஞ்சள அதிகமா கொட்டிட்டேன். இது அந்த சரக்கு."

வண்டி மட்டும் டப டபவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் கட்டி அவர் கையில் இருந்தது.

"ஆடி மாசம் எங்க கடைக்கி நீ எப்டி வந்த? நான் உன்ன பாத்ததே இல்லியே?"

"நீங்க ஆரணிக்கு போயிருந்தீங்க."

"எல்லா தடவையுமா?"

"திங்களும் வியாழனும்" என்றேன்.

"நாம இல்லாத நாள்ல மட்டும் சந்தனம் இப்டி தீருதேன்னு பாத்தேன்" என்றார் மெதுவாக. "ஊர்ல பக்தி பெருகிடிச்சின்னு நெனச்சினு இருந்தேன்."

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. வண்டியைச் சரி செய்ய மாசக்கணக்கில் அலைந்தவன், சரி செய்த நிமிஷத்திலேயே கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். "உனுக்கு தெரியுமா?"

"தெரியும்" என்றார் அந்த அம்மா. "அதுல பிசினு கலக்காதீங்க, கலக்காதீங்கன்னு நானும் எவ்ளோ சொன்னேன்."

"இவங்களுக்கு?"

"அவங்கதான ஜாதகத்தயே எட்த்துனு வந்தாங்க."

அத்தை அவசரமாக வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் வண்டியைப் பார்த்தார்.

"அப்போ ஒண்ணும் தெரியாம இருந்தது நானும் இந்த வண்டியும்தானா?"

தலையைக் குனிந்துகொண்டேன். "தப்புதாங்க. உங்க பொண்ணு மேல எனக்கு உசுரு. அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். டேங்க் மூடியிலிருந்த சந்தனம் குங்குமம் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தார். ஓட்டை தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, வாயால் ஊதினார். பிறகு நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா ஆரத்தித் தட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

கையைத் திருப்பி மணி பார்த்தார். மகேஸ்வரியின் அம்மா முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பயந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இந்த வாட்சு எப்பவும் கொஞ்சம் முன்னாடியே ஓடும்" என்றார் தணிகாசலம், யாரையும் பார்க்காமல். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "வண்டிய எடு."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ராகு காலம் பிறந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.